ஆழ்கடலும் மறையெழுத்தும்

பாடம் 6 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்
• அறிவியல் வரலாற்றுச் செய்தியைத் தமிழ் உரைநடையில் படித்துப் பொருள் உணர்தல்.
• குறிச்சொல், மறையெழுத்து ஆகியவற்றின் வேறுபாட்டை அறிதல்.
• குழூஉக்குறி, வினைத்தொகை ஆகிய இலக்கணக் கூறுகளை எடுத்துக்காட்டுடன் விளக்குதல்.

நுழையும்முன்

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் இத்தகைய சொல்லைக் குழூஉக்குறி என்று நம் இலக்கணம் கூறுகிறது. தமிழகத்திற்கு வெளியே கல்வி பயிலும் நமக்கு இது புதியதன்று. பேருந்தில் நாம் இருவர் தமிழில் உரையாடினால், அருகில் இருப்போர்க்கு அவ்வுரையாடலே ஒரு குழூஉக்குறிதான். நம் பேச்சு யாருக்கும் விளங்காது என்ற துணிவில் எதை எதையோ பேசிவிடுகிறோம். ஆனால், தமிழ் நன்கறிந்த ஒருவர் பின் இருக்கையில் அமர்ந்து, ஒன்றும் அறியாதவர் போல அனைத்தையும் கேட்டுக்கொண்டு வந்தால் என்ன ஆகும்? இரண்டாம் உலகப்போரின்போது அட்லாண்டிக் பெருங்கடலில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவே.

1. கடல்வழி வந்த உணவு

இரண்டாம் உலகப்போர் 1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தொடங்கியது. பிரிட்டன் ஒரு தீவு நாடு. அந்நாட்டு மக்களுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியும், ஊர்திகளுக்கு வேண்டிய எண்ணெய் ஏறத்தாழ முழுவதும் கடல்கடந்தே வந்தாக வேண்டும். அவ்வழியை அடைத்துவிட்டால், ஒரு படைவீரனைக்கூடக் கரையில் இறக்காமலே அந்நாட்டைப் பணிய வைக்கலாம் என்று ஜெர்மனி கருதியது. அதற்கு அது நம்பிய கருவி நீர்மூழ்கிக் கப்பல்.

தாக்குதலுக்கு அஞ்சி வணிகக் கப்பல்கள் தனித்துச் செல்வதைத் தவிர்த்தன. நாற்பது, ஐம்பது கப்பல்கள் ஒன்றாய் அணிவகுத்து, போர்க்கப்பல்களின் காவலோடு பயணம் செய்தன. இவ்வணிவகுப்பைக் கப்பலணி என்போம். அக்கப்பல்களின் இயந்திர அறைகளில் வெந்து உழைத்தோருள் இந்திய மாலுமிகளும் பல்லாயிரவர். 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட அவர்கள் சில்ஹெட், குஜராத், கோவா முதலிய பகுதிகளிலிருந்து சென்றவர்கள். கப்பல் தாக்குண்டால், அடித்தளத்தில் பணிபுரிவோர் மேலேறித் தப்புவது அரிது. போரில் கடலில் மாண்ட இந்திய மாலுமிகளுக்கு மும்பையில் நினைவிடம் உண்டு.

2. ஓநாய்க் கூட்டம்

ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ். அவர் வகுத்த போர்முறை 'ஓநாய்க் கூட்டம்' எனப்பட்டது. நீர்மூழ்கிகள் பல, ஒன்றுக்கொன்று தொலைவில், கடலில் ஒரு கோடுபோல் விரிந்து காத்திருக்கும். அவற்றுள் ஒன்று கப்பலணியைக் கண்டதும் உடனே தாக்காது. தான் கண்ட இடத்தைக் கம்பியில்லாத் தந்தி வழியே தலைமையகத்திற்கு அறிவித்துவிட்டு, மறைந்து பின்தொடரும். தலைமையகம் ஏனைய நீர்மூழ்கிகளை அவ்விடத்திற்கு ஏவும். இரவில் அனைத்தும் கூடித் தாக்கும்.

இம்முறையின் வலிமை எங்கே உள்ளது என்பதை உற்று நோக்குங்கள். கலங்கள் கடலில் சிதறிக் கிடக்க, அவற்றை ஒரே கையாக இயக்கியது வானொலிச் செய்திதான். ஆகவே நீர்மூழ்கிகள் ஓயாமல் பேசியாக வேண்டியிருந்தது. எரிபொருள் எவ்வளவு எஞ்சியுள்ளது, வானிலை எப்படி இருக்கிறது, எங்கே நிற்கிறோம் என அனைத்தும் செய்தியாயின. வானொலி அலையோ நண்பர், பகைவர் என்று பார்ப்பதில்லை. ஏற்கும் கருவி உடையவர் எவரும் அதைக் கேட்கலாம்.

கேட்கும் பகைவர்க்குப் பொருள் விளங்காதபடி செய்தியை மறைக்க இருவகை முறைகள் உண்டு. ஒரு சொல்லுக்கோ தொடருக்கோ மாற்றாக வேறொரு குறியை இடுவது குறிச்சொல் முறை. 'கப்பலணியைக் கண்டோம்' என்ற தொடர் முழுவதையும் சில எழுத்துகளால் குறிக்கலாம். இதற்கு இரு முனையிலும் ஒரே குறிநூல் வேண்டும். எழுத்து ஒவ்வொன்றையும் வேறோர் எழுத்தாக மாற்றுவது மறையெழுத்து முறை. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் இரண்டையும் கையாண்டன. குறுஞ்செய்திகளை முதலில் குறிநூல் கொண்டு சுருக்கினர். பின்பு அச்சுருக்கத்தை ஒரு பொறியில் இட்டு மறையெழுத்தாக்கினர். அப்பொறியின் பெயர் எனிக்மா. 'விடுகதை' என்பதே அப்பெயரின் பொருள்.

3. எனிக்மா என்னும் விடுகதை

எனிக்மா தட்டச்சுப் பொறியைப் போன்ற தோற்றமுடையது. முதல் உலகப்போர் முடிவுற்ற காலத்தில், ஆர்தர் ஷெர்பியஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் இதனை உருவாக்கினார். ஒரு விசையை அழுத்தினால், மின்னோட்டம் செருகுபலகை ஒன்றைக் கடந்து, மூன்று சுழல்சக்கரங்களின் உட்கம்பிகள் வழியே சென்று, கடைசியில் உள்ள 'திருப்பி' என்னும் உறுப்பில் பட்டு, வேறு வழியில் திரும்பி வரும். முடிவில் ஒரு விளக்கு எரிந்து மாற்றெழுத்தைக் காட்டும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் சக்கரம் ஒரு படி நகரும். எனவே, அதே விசையை மீண்டும் அழுத்தினால் வேறொரு விளக்கு எரியும்.

கடற்படையினர் எட்டுச் சக்கரங்களிலிருந்து மூன்றைத் தேர்ந்து வரிசைப்படுத்தினர். இதற்கு 336 வழிகள் உண்டு. மூன்று சக்கரங்களின் தொடக்க நிலைகள் 17,576. செருகுபலகையில் பத்துக் கம்பிகளை இணைக்கும் வழிகள் 150 லட்சம் கோடிக்கும் மேல். இவை அனைத்தையும் ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண்ணை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றாய் முயன்று பார்த்துத் திறக்கலாம் என்ற எண்ணத்திற்கே அங்கு இடமில்லை. அதனால்தான் ஜெர்மானியர் அப்பொறியை முழுமையாக நம்பினர்.

ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. 'திருப்பி' என்னும் உறுப்பின் அமைப்பால், எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. 'அ' என்று அழுத்தினால் வேறு எந்த எழுத்தும் வரலாம். 'அ' மட்டும் வராது. சிறு குறையாகத் தோன்றும் இதன் பயனைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டு காண்போம்.

பகைவரின் மறைசெய்தி ஒன்று இவ்வாறு உள்ளது எனக் கொள்வோம்:

க – னி – மா – லை – னி – பு

இதனுள் 'வானிலை' என்னும் சொல் மறைந்திருக்கும் என்று ஊகிக்கிறோம். அது எந்த இடத்தில் தொடங்கும்? முதல் எழுத்தில் தொடங்கினால், இரண்டாம் இடத்தில் 'னி'யின் கீழ் 'னி' வருகிறது. இது நிகழாது. இரண்டாம் எழுத்தில் தொடங்கினால், 'லை'யின் கீழ் 'லை' வருகிறது. இதுவும் நிகழாது. நான்காம் எழுத்தில் தொடங்கினால், மீண்டும் 'னி'யின் கீழ் 'னி' வருகிறது. எஞ்சுவது மூன்றாம் எழுத்து ஒன்றே. ஊகித்த சொல் இருக்குமிடத்தை இவ்வாறு கண்டறிந்தபின், அச்சொல்லையும் மறையெழுத்தையும் இணைக்கும் சக்கர நிலையைப் பொறியால் தேடலாம்.

4. வார்சாவிலிருந்து பிளெட்ச்லி வரை

எனிக்மாவின் உள்ளமைப்பை முதலில் கண்டறிந்தவர் ஆங்கிலேயர் அல்லர். போலந்து நாட்டுக் கணிதவியலார் மரியன் ரெயெவ்ஸ்கி, 1932ஆம் ஆண்டின் இறுதியில், கணித முறையால் சக்கரங்களின் உட்கம்பி அமைப்பை வருவித்தார். அவரும் அவருடைய தோழர் இருவரும் ஜெர்மானியச் செய்திகளைப் பல ஆண்டுகள் படித்தனர். 1939 ஜூலைத் திங்களின் இறுதியில், வார்சா நகருக்கு அருகில் தம் கண்டுபிடிப்பு முழுவதையும் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழங்கினர். அடுத்த ஐந்து வாரங்களில் அவர்தம் நாடு படையெடுப்புக்கு உள்ளாயிற்று. தம் நாடு அழியும் வேளையிலும் தாம் தேடிய அறிவு அழியாதிருக்க அதைப் பிறர் கையில் ஒப்படைத்த அச்செயல், பின்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் அடித்தளம்.

லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் பிளெட்ச்லி பூங்கா என்னும் பழைய மாளிகை உள்ளது. அங்கே கணிதவியலாரும் மொழியறிஞரும் சதுரங்க வல்லுநரும் கூடினர். அவ்வளாகத்தில் எழுப்பிய மரக்குடில்களுள் எட்டாம் எண் குடில் கடற்படைச் செய்திகளுக்கு உரியது. அதற்குத் தலைமை தாங்கியவர் ஆலன் டியூரிங். அவருடன் பணியாற்றிய கணித அறிஞர்களுள் ஜோன் கிளார்க் என்ற பெண்மணியும் ஒருவர். டியூரிங் வடிவமைத்து, கார்டன் வெல்ச்மேன் மேம்படுத்திய 'பாம்' என்னும் தேடுபொறி, 1940ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. இப்பொறிகளை இரவும் பகலும் இயக்கியவர்கள் பிரிட்டன் கடற்படையின் மகளிர் பிரிவினர். போரின் இறுதிக் காலத்தில் பிளெட்ச்லியில் பணிபுரிந்தோருள் முக்கால் பங்கினர் பெண்களே.

எனினும் கடற்படையின் எனிக்மா எளிதில் இணங்கவில்லை. சக்கரங்களின் தொடக்க நிலையைக்கூடக் கடற்படையினர் தனி அட்டவணை கொண்டு மறைத்தனர். அவ்வட்டவணைகளும் குறிநூல்களும் கையில் கிடைத்தாலன்றி அறிவு மட்டும் போதாது என்ற நிலை ஏற்பட்டது. 1941 மே 9ஆம் நாள், யு-110 என்னும் நீர்மூழ்கியைப் பிரிட்டன் கடற்படை தாக்கி மேலெழச் செய்தது. இருபது வயதுடைய டேவிட் பால்ம் என்ற இளம் அதிகாரி, அது எப்போது வெடிக்குமோ என்ற அச்சத்தினூடே உள்ளே இறங்கி, எனிக்மா பொறியையும் நூல்களையும் மீட்டார். அதே ஆண்டில் வானிலைக் கப்பல்களிலிருந்தும் மறைசாவிப் பட்டியல்கள் கைப்பற்றப்பட்டன. அக்கோடைக்காலம் முதல் பிளெட்ச்லி நீர்மூழ்கிகளின் செய்திகளைத் தொடர்ந்து படித்தது. ஓநாய்க் கூட்டம் எங்கே காத்திருக்கிறது என்பது தெரிந்தது. கப்பலணிகள் வேறு வழியில் திருப்பிவிடப்பட்டன.

5. பத்துத் திங்கள் இருள்

1942 பிப்ரவரி 1ஆம் நாள், அட்லாண்டிக் நீர்மூழ்கிகள் நான்காம் சக்கரம் ஒன்றைச் சேர்த்த புதிய எனிக்மாவுக்கு மாறின. ஒரு சக்கரம் கூடியதால் தேடவேண்டிய நிலைகள் 26 மடங்காகப் பெருகின. வானிலைக் குறிநூலும் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே மாற்றப்பட்டிருந்தது. பிளெட்ச்லியின் செவி அன்றே அடைபட்டது. செய்திகள் முன்போலவே வந்து குவிந்தன. பொருள் மட்டும் விளங்கவில்லை.

அவ்வாண்டில் நீர்மூழ்கிகள் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கப்பல்களை மூழ்கடித்தன. இதற்கு மறையெழுத்து ஒன்றே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. அமெரிக்கக் கரையோரக் கப்பல்கள் தொடக்கத்தில் காவலின்றிச் சென்றதும் ஒரு காரணம். நீர்மூழ்கிகளின் எண்ணிக்கை பெருகியதும் ஒரு காரணம். ஆனால், ஆபத்து எங்குள்ளது என்று அறிந்து விலகும் வாய்ப்பைக் கப்பலணிகள் பெரிதும் இழந்தன என்பது உண்மை.

6. மூவர் இறங்கினர்

1942 அக்டோபர் 30. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பகுதி. எகிப்துக் கரைக்கு வடக்கே, யு-559 என்னும் நீர்மூழ்கியைப் பிரிட்டனின் நாசகாரிக் கப்பல்கள் பகல் முழுவதும் ஆழ்நீர் வெடிகுண்டுகளால் தாக்கின. இரவில் அது மேலெழுந்தது. அதன் மாலுமிகள் நீரைப் புகவிடும் அடைப்புகளைத் திறந்துவிட்டுக் கடலில் குதித்தனர்.

பெட்டார்டு என்னும் கப்பலிலிருந்து மூவர் அதற்குள் சென்றனர். லெப்டினன்ட் அந்தோணி ஃபாசன் 29 வயதினர். மாலுமி காலின் கிரேசியர் 22 வயதினர். மூன்றாமவர் டாமி பிரவுன், கப்பலின் சிற்றுண்டிச்சாலைப் பணியாளர். கடலில் பணிபுரியும் வயது நிரம்பாத பதினாறு வயதுச் சிறுவர் அவர். வயதைக் கூட்டிச் சொல்லிப் பணியில் சேர்ந்திருந்தார்.

உள்ளே நீர் ஏறிக்கொண்டிருந்தது. நீர்மூழ்கியின் குறிநூல்கள் நீர் பட்டால் கரையும் மையில் அச்சிடப்பட்டவை. ஆகவே அவற்றை நனையாமல் வெளியேற்ற வேண்டும். ஃபாசனும் கிரேசியரும் நூல்களைத் தேடி எடுத்துத் தர, பிரவுன் ஏணியில் ஏறி இறங்கி அவற்றைப் படகில் இருந்தோரிடம் சேர்த்தார். ஏறிவிடுமாறு பிரவுன் குரல் கொடுத்த வேளையில், கலம் திடீரென மூழ்கியது. பிரவுன் குதித்து உயிர் தப்பினார். ஏனைய இருவரும் கலத்தோடு கடலுள் மறைந்தனர்.

அவர்கள் மீட்ட நூல்களுள் ஒன்று, வானிலைச் செய்திகளைச் சுருக்கி எழுதுவதற்கான குறிநூலின் புதிய பதிப்பு. பார்வைக்கு மெல்லிய நூல். அது நவம்பர் இறுதியில் பிளெட்ச்லியை அடைந்தது.

7. நான்காம் சக்கரம் தோற்ற விதம்

வானிலை நூலுக்கும் நான்காம் சக்கரத்திற்கும் என்ன தொடர்பு? இங்கேதான் இப்பாடத்தின் உயிர்நாடி உள்ளது.

நீர்மூழ்கிகள் அனுப்பும் வானிலைக் குறுஞ்செய்திகளுக்கு மட்டும், நான்காம் சக்கரத்தை ஒரு குறித்த நிலையில் நிறுத்திவிட்டு, பொறியைப் பழைய மூன்று சக்கரப் பொறியைப் போலவே பயன்படுத்தினர். மேலும், நீர்மூழ்கிகள் தந்த வானிலை விவரங்களை ஜெர்மானியக் கரை நிலையங்கள் வேறோர் எளிய மறையெழுத்தில் மீண்டும் ஒலிபரப்பின. அவ்வெளிய மறையெழுத்தைப் பிளெட்ச்லி முன்பே படித்துவந்தது. எனவே செய்தியின் பொருள் தெரியும். குறிநூல் கைக்கு வந்ததால், அப்பொருள் எவ்வெழுத்துகளாகச் சுருக்கப்பட்டிருக்கும் என்பதும் தெரியும். ஊகச்சொல் கிடைத்துவிட்டது. மூன்று சக்கரங்களின் நிலையைத் தேடுபொறி கண்டது. பின்னர், அதே நாளின் ஏனைய செய்திகளுக்கு நான்காம் சக்கரத்தின் 26 நிலைகளை மட்டும் முயன்றால் போதும்.

1942 டிசம்பர் 13ஆம் நாள் இருள் விலகியது.

நான்காம் சக்கரத்தைச் சேர்த்த அறிவு பெரிது. ஆனால் ஒரு வகைச் செய்திக்கு மட்டும், வசதி கருதி, அதை ஓய்வில் நிறுத்தினர். பூட்டைப் பெரிதாக்கியவர்களே பக்கக் கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்தி வைத்தனர். எண்ணிலடங்காப் பெருக்கல்களால் அமைந்த அப்பொறியை வெல்ல வழிவகுத்தவை மனிதரின் பழக்கங்களே: நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே அமைப்பில், அதே செய்தியை இரு மறையெழுத்துகளில் அனுப்பும் பழக்கங்கள்.

8. அறிந்தும் அறியாதார் போல

பகைவரின் மறையை அறிவது ஒரு கலை. அறிந்ததை அவர் அறியாமல் காப்பது அதனினும் அரிய கலை. செய்தியைப் படித்தவுடன் அதற்கேற்பச் செயற்பட்டால், பகைவர் ஐயுற்று முறையை மாற்றிவிடுவர். எனவே மத்தியதரைக் கடலில், ஓரிடத்தில் பகைக்கப்பல் வரும் என்று மறைசெய்தியால் அறிந்தாலும், முதலில் ஒரு வானூர்தியை அனுப்பி, அது தற்செயலாகக் கண்டது போலக் காட்டிக்கொண்டு, பின்னரே தாக்கினர்.

டோனிட்ஸ் ஒருமுறைக்கு மேல் ஐயம் கொண்டார். ஆய்வுகள் நடந்தன. ஒவ்வொரு முறையும், எனிக்மா பாதுகாப்பானது என்ற முடிவே கிட்டியது. இதே நம்பிக்கை மறுபுறத்தையும் ஏமாற்றியது. பிரிட்டன் தன் கப்பலணிகளுக்குப் பயன்படுத்திய மறைமுறை ஒன்றை ஜெர்மானியக் கடற்படையின் ஒற்றுப் பிரிவு நெடுங்காலம் படித்துவந்தது. 1943 ஜூன் திங்களில்தான் பிரிட்டன் அதை மாற்றியது. தம் மறையை எவராலும் படிக்க இயலாது என்று இரு தரப்பாரும் எண்ணினர். இரு தரப்பாரும் ஏமாந்தனர்.

1943 மார்ச்சில் கடும் போர் மூண்டது. இரு கப்பலணிகள் மட்டும் 22 கப்பல்களை இழந்தன. மே திங்களில் நிலை தலைகீழாயிற்று. அத்திங்களில் மட்டும் நாற்பதிற்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் அழிந்தன. மே 24ஆம் நாள் டோனிட்ஸ் தம் கலங்களை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். நெடுந்தொலைவு பறக்கும் வானூர்தி, புதிய ரேடார், வானொலி வந்த திசையைக் காட்டும் கருவி, காவற்கப்பல்களின் பயிற்சி ஆகியவற்றோடு மறையெழுத்து அறிவும் இணைந்தே இவ்வெற்றியைத் தந்தது.

வெற்றி என்ற சொல்லை எழுதும்போது இழப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிரிட்டனின் வணிகக் கப்பல்களில் மாண்டோர் ஏறத்தாழ 30,000 பேர். ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் சென்ற ஏறத்தாழ 40,000 பேரில் மூன்றில் இரு பங்கினர்க்கும் மேலானோர் வீடு திரும்பவில்லை. அவர்களுள் பலர் உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள்.

ஃபாசனுக்கும் கிரேசியருக்கும் இறப்பின்பின் ஜார்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. பிரவுன் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். எந்நூலை மீட்டனர், அது எதைத் திறந்தது என்பதை வெளியே சொல்ல இயலவில்லை. 1945ஆம் ஆண்டில், தம் வீட்டில் பற்றிய தீயிலிருந்து தங்கையை மீட்க முயன்று பிரவுன் இறந்தார். பிளெட்ச்லியின் மறைபொருள் 1974ஆம் ஆண்டு வரை பரவலாக வெளிவரவில்லை. அங்குப் பணிபுரிந்த பெண்கள் பலர், தாம் போர்க்காலத்தில் செய்த பணியைத் தம் வீட்டாரிடமும் சொல்லாமலே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தனர்.

9. நெல்லைக் கரையில் ஒரு குரல்

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே குறுகிய அலைநீளமுடைய வானொலி அலை நீருள் புகாது. அன்றைய நீர்மூழ்கிகள் பேசுவதற்காக மேலெழ வேண்டியிருந்தமைக்கு இதுவே காரணம். ஆனால் மிகக் குறைந்த அதிர்வெண் கொண்ட நெடிய அலைகள் நீரினுள் சில மீட்டர் ஆழம் வரை ஊடுருவும். இவ்வலைகளின் நீளம் 10 கிலோமீட்டர் முதல் 100 கிலோமீட்டர் வரை அமையும். அவற்றை அனுப்பப் பெரிய கோபுரங்களும் மிகுந்த மின்னாற்றலும் தேவை. ஜெர்மனி 1943இல் கால்பே என்னுமிடத்தில் 'கோலியாத்' என்ற பெயரில் அத்தகைய நிலையம் ஒன்றை அமைத்தது.

இந்தியக் கடற்படையின் இத்தகைய நிலையம் தமிழ்நாட்டில், திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் உள்ளது. 1990ஆம் ஆண்டு பணியில் அமர்த்தப்பட்ட அந்நிலையத்தின் பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பாஞ்சாலங்குறிச்சி வீரரின் பெயர் தாங்கிய அந்நிலையம், ஆழத்தில் உலவும் நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிறது. நீர்மூழ்கி நீருக்குள் இருந்தவாறே அதைக் கேட்கும். அதே வழியில் மறுமொழி கூற அதனால் இயலாது. அத்துணைப் பெரிய கோபுரத்தைக் கலத்தில் ஏந்திச் செல்ல முடியுமா? கேட்பது மிகுதி, பேசுவது குறைவு என்பதே இன்றைய நீர்மூழ்கியின் காப்பு. ஓநாய்க் கூட்டத்தின் வரலாறு கற்பித்த பாடமும் அதுவே.

சொற்பொருள்

திங்கள் – மாதம்
கலம் – கப்பல்
மறை – மறைத்து வைக்கப்பட்ட செய்தி
ஒற்று – உளவு
வருவித்தல் – கணித்துப் பெறுதல்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
காப்பு – பாதுகாப்பு

இலக்கணம் அறிவோம்

அ. தகுதி வழக்கு மூவகைப்படும்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ஒரு பொருளுக்கு உரிய பெயரை நீக்கி, ஒரு குழுவினர் தமக்குள் வேறொரு பெயரால் வழங்குவது குழூஉக்குறி. இது சொல்லை மாற்றுகிறது; எழுத்தை மாற்றுவதில்லை. எனவே இது பாடத்தில் கண்ட குறிச்சொல் முறையோடு ஒப்புடையது.

ஆ. ஆழ்கடல், சுழல்சக்கரம், தேடுபொறி ஆகியவை வினைத்தொகைகள். 'ஆழ்கடல்' என்பது ஆழ்ந்த கடல், ஆழ்கின்ற கடல், ஆழும் கடல் என முக்காலத்திற்கும் விரியும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே 'சுழல்ச்சக்கரம்' என எழுதுதல் பிழை.

மதிப்பீடு

I. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. எனிக்மாவின் உள்ளமைப்பை 1932இல் வருவித்தவர்
(அ) ஆலன் டியூரிங் (ஆ) மரியன் ரெயெவ்ஸ்கி (இ) கார்ல் டோனிட்ஸ் (ஈ) டேவிட் பால்ம்
2. யு-559இலிருந்து மீட்கப்பட்ட நூல் தொடர்புடையது
(அ) உணவு (ஆ) எரிபொருள் (இ) வானிலை (ஈ) வானூர்தி
3. 'தேடுபொறி' என்பதன் இலக்கணக் குறிப்பு
(அ) பண்புத்தொகை (ஆ) வினைத்தொகை (இ) உவமைத்தொகை (ஈ) உம்மைத்தொகை

II. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நீர்மூழ்கிகள் ஓயாமல் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது ஏன்?
2. எனிக்மாவின் 'திருப்பி' என்னும் உறுப்பால் நேர்ந்த குறை யாது?
3. குறிநூல்கள் நீரில் கரையும் மையில் அச்சிடப்பட்டமைக்குக் காரணம் என்னவாக இருக்கும்?

III. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. குறிச்சொல் முறை, மறையெழுத்து முறை – வேறுபடுத்துக.
2. மறைசெய்தியைப் படித்தபின்னும் வானூர்தியை அனுப்பியது ஏன்?

IV. ஒரு பக்க அளவில் விடை எழுதுக.
1. 'எனிக்மாவை வெல்ல வழிவகுத்தவை மனிதரின் பழக்கங்களே' – பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. செய்தியைப் படித்தும், அதை மறைப்பதற்காகச் சில வேளைகளில் செயற்படாமல் இருக்க நேரிடலாம். அது அறமாகுமா? உம் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

மொழியோடு விளையாடு

மெய்யெழுத்துகளை க், ங், ச், ஞ் என வரிசையாக எழுதிக்கொள்க. ஒவ்வொரு மெய்க்கும் அடுத்த மெய்யை இடுக. உயிரை மாற்ற வேண்டா. 'ன்' வந்தால் 'க்' இடுக. இம்முறையில் 'கடல்' என்பது 'ஙணவ்' ஆகும்.
1. 'நயிள்', 'மணஙு' – இவற்றின் மறைபொருளைக் காண்க.
2. 'அலை' என்னும் சொல் இம்முறையில் என்னவாகும்? அவ்விடை பகைவரை எவ்வாறு ஏமாற்றும்?
3. இம்மறையெழுத்தை உடைப்பது எனிக்மாவைவிட எளிது. ஏன்?

செயல்திட்டம்

திருக்குறளில் 'ஒற்றாடல்' என்னும் அதிகாரத்தின் பத்துக் குறள்களையும் பொருளுடன் படிக்க. இப்பாடத்தில் வரும் நிகழ்ச்சி ஒன்றனோடு பொருந்தும் ஒரு குறளைத் தேர்ந்து, பொருத்தத்தை விளக்கி வகுப்பில் உரையாற்றுக. வீட்டில் உள்ள பெரியோரிடம், அவர்தம் தொழிலில் வழங்கிய குழூஉக்குறிகள் ஐந்தைக் கேட்டறிந்து தொகுக்க.